கிரேட் நிக்கோபாருக்குப் போன உங்கள் தோழர்களைத் தேடுங்கள்

தமிழ்நாட்டின் முன்னாள் படைவீரர் சங்கங்களில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்கள் வீட்டு இளையவர்களுக்கும்,

உங்கள் சங்கக் கட்டடங்களின் சுவர்களில் 1962, 1965, 1971 போர்களில் உயிர் கொடுத்தவர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. டிசம்பர் 7 கொடி நாளன்று அவற்றுக்கு மாலை போடுகிறீர்கள். விதவைகளின் பென்ஷன் நின்றுபோனால் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறீர்கள். படையில் இருந்தவனைப் படையில் இருந்தவன் கைவிட மாட்டான் என்பது உங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். அரசுக்கு எழுதியிருந்தால் ஒரு கோப்பில் போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்கள் பட்டியலில் ஒரு கூட்டம் விடுபட்டிருக்கிறது. 1969 தொடங்கி 1980 வரை இந்திய அரசு சுமார் 330 முன்னாள் படைவீரர் குடும்பங்களை நாட்டின் தென்கோடித் தீவான கிரேட் நிக்கோபாருக்கு அனுப்பிக் குடியமர்த்தியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், ஆந்திரம், கேரளம் என்று பல மாநிலங்களிலிருந்து போனார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் போனார்கள். உங்களோடு ஒரே பாரக்கில் படுத்தவர்கள், ஒரே லங்கரில் சாப்பிட்டவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். கேம்பல் பே, கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று கிழக்குக் கரையோரம் ஏழு ஊர்கள் அவர்கள் கையால் எழுந்தன. அந்த ஊர்ப் பெயர்களை உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், ஒன்றுகூடத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ராஜேந்திர சோழனின் கப்பற்படை நக்கவாரத்தை, அதாவது இன்றைய நிக்கோபாரை, வென்றது என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய படையெடுப்பு நமக்கு மனப்பாடம். நம் காலத்தில், நம் ஊரிலிருந்து அதே தீவுக்கூட்டத்துக்குப் பெட்டியும் பிள்ளையுமாகக் கப்பலேறிப் போன நாயக்கையும் ஹவில்தாரையும் பற்றி நாம் ஏன் இவ்வளவு கொஞ்சமாக எழுதியிருக்கிறோம்? அரசு ஆவணத்தில் அவர்கள் ஒரு எண்ணிக்கை. சுற்றுச்சூழல் அறிக்கைகளில் ‘குடியேறியவர்கள்’ என்று ஒரு வரி. தீவில் அவர்களுக்கு ‘செட்லர்’ என்று பெயர். தமிழில் அவர்கள் வாழ்க்கை இன்னும் எழுதப்படக் காத்திருக்கிறது.

அவர்களை அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. 1962இல் சீனப் போர். 1965 போரின்போது இந்தோனேசியாவின் சுகர்ணோ பாகிஸ்தான் பக்கம் சாய்ந்து நின்றார். கிரேட் நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமத்ரா பக்கம்தான். சென்னையோ கப்பலில் நாள்கணக்கில் போக வேண்டிய தூரம். மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் அந்தத் தீவின் ஓரமாகத்தான் போகின்றன. அந்த மண்ணில் இந்தியர்கள் குடியிருக்க வேண்டும் என்று டெல்லி நினைத்தது. துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள், உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள், கஷ்டத்துக்கு அஞ்சாதவர்கள் போனால் நல்லது என்று முடிவு செய்தது. எல்லையில் காவல் நின்றவனை எல்லையிலேயே குடிவைத்துவிட்டார்கள்.

போனவர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலூர், திருவண்ணாமலை, தேனி, ராமநாதபுரம் பக்கத்துச் சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான் அன்று பட்டாளத்தில் சேர்ந்தார்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதில் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வீடு திரும்பினால், அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்துபோன கால் காணி நிலம் காத்திருக்கும். கையில் இன்னும் இருபது வருட உழைப்புக்குத் தெம்பு இருக்கும். அந்த வயதில் ஒருவனிடம் “உனக்கென்று வீட்டுமனை, பயிர் நிலம், தோட்ட நிலம்” என்று சொன்னால் எந்த விவசாயி மகன் மறுப்பான்? மூணாறுக்கும் மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போன நம் முன்னோர்கள் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனார்கள். இவர்கள் தங்கள் நிலத்துக்குப் போவதாக நம்பிக் கப்பலேறினார்கள்.

போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து வேறு கப்பலில் மேலும் 500 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. இறங்கிய இடத்தில் ஊர் இல்லை. கடற்கரையை ஒட்டியே மழைக்காடு தொடங்கியது. மரங்களின் அடிவேர்ப் பகுதி பலகைச் சுவர் போலப் பக்கவாட்டில் விரிந்து, ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். அதற்கு மேலே போய்த்தான் வெட்டுக்கு மரம் வாகாகும் என்பதால் சாரம் கட்டி நின்று வெட்ட வேண்டும். சாய்ந்த மரத்தை நகர்த்த முடியாது, காயவிட்டுக் கொளுத்தலாம் என்றால் மழை விடாது. ஆண்டில் பெரும்பகுதி பெய்யும் தீவு அது. வெட்டிய இடத்தில் ஒரு மாதம் கை வைக்காமல் விட்டால் கொடியும் புதரும் மூடிவிடும். இந்தப் பக்கம் அட்டை, அந்தப் பக்கம் மலேரியா, ஓடை முகத்தில் முதலை. எல்லைச் சாலை அமைப்பின் ‘யாத்ரிக்’ திட்டத்தார் சாலை போட்டு முடிக்கும் வரை அரிசி மூட்டை தலைச்சுமைதான்.

நட்ட தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை என்ன சாப்பிட்டார்கள், யாரிடம் கடன் பட்டார்கள், எத்தனை பேர் மனம் வெறுத்து ஊருக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கை யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. காய்த்த பிறகும் நிம்மதி இல்லை. நிக்கோபாரின் நீள்வால் குரங்குகள் கூட்டமாக வந்து இளங்காய்களைத் திருகிப் போட்டுவிடும். தப்பிய காயை உடைத்து உலர்த்தலாம் என்றால் வெயில் இல்லை. மட்டையும் சிரட்டையும் போட்டுப் புகைமூட்டி, இரவெல்லாம் உட்கார்ந்து கொப்பரை ஆக்க வேண்டும். அந்தக் கொப்பரைக்கு விலை போர்ட் பிளேரில் தீர்மானமாகும். வரும் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் எப்போது என்று கடலுக்குத்தான் தெரியும். ராணுவத்தில் இருந்த கஷ்டத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. இதற்கு இல்லை.

அவர்களின் மனைவிமார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. கணவன் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் மாமியார் வீட்டில் காத்திருந்து, இனியாவது ஒரே கூரையின் கீழ் வாழலாம் என்று நினைத்த நேரத்தில் கூரையே இல்லாத இடத்துக்குப் போனவர்கள். பக்கத்து வீட்டில் பஞ்சாபிக்காரி, எதிர் வீட்டில் மராட்டிக்காரி. பேச்சுக்கு ஒரு வார்த்தை பொது இல்லை. பிரசவ வலி எடுத்தால் பெரிய ஆஸ்பத்திரி கடல் கடந்து இருந்தது. தாய் இறந்த செய்தி கருமாதி முடிந்த பிறகுதான் கடிதமாக வந்து சேரும். அந்தப் பெண்கள் காலப்போக்கில் இந்தி கற்றார்கள். அவர்கள் பிள்ளைகள் இந்தியிலேயே விளையாடி வளர்ந்தார்கள். நீங்கள் இந்த வரலாற்றைத் தேடப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்த அம்மாக்களிடம் போங்கள். உத்தரவும் தேதியும் ஆண்கள் சொல்வார்கள். என்ன நடந்தது என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

உங்களில் சிலர் கேட்கலாம்: “நிலம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். இதில் என்ன தியாகம்? போரில் காலை இழந்தவனே இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான்.” நியாயமான கேள்வி. அவர்களைத் தியாகிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பிழைக்கப் போனவர்கள். ஆனால் தேசத்தின் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லி ஒரு அரசு அவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தது. வைத்த கைக்கு ஒரு பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பை நினைவூட்ட ஆள் வேண்டும். அவர்கள் சில நூறு குடும்பங்கள், அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுவதற்கும் சேர்த்து மக்களவையில் ஒரே ஒரு உறுப்பினர். அங்கிருந்து எழும் குரல் கரைக்கு வந்து சேர்வதில்லை.

இன்னொன்றையும் நீங்கள் தவிர்க்காமல் கேட்க வேண்டும். அந்தக் காடு ஆளில்லாத காடாக இருக்கவில்லை. ஷோம்பென் மக்கள் அங்கே தொன்றுதொட்டு வாழ்கிறார்கள். தாழம்பழமும் தேனும் வேட்டையுமாக, ஓடைக்கு ஓடை இடம் மாறி வாழ்பவர்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். கடலோரத்தில் நிக்கோபாரி மக்கள் ஊர்களும் தோப்புகளும் வைத்திருந்தார்கள். 1956இல் போட்ட பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் அந்தத் தீவு அவர்களுக்கான காப்பகமாக இருந்தது. அதிலிருந்து கிழக்குக் கரையில் ஒரு பகுதியை எடுத்துத்தான் நம் படைவீரர்களுக்குக் கொடுத்தார்கள். ஷோம்பென் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. காட்டின் நடுவே கிழக்கு மேற்காகச் சாலை வெட்டினார்கள். இந்த முடிவை எடுத்தவன் சிப்பாய் அல்ல. அவன் கையில் கோடரி கொடுக்கப்பட்டது. ஆனாலும் அவன் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்யாகும். முதன்முதலில் காட்டோரத்தில் ஒரு ஷோம்பெனைப் பார்த்தபோது என்ன செய்தீர்கள், அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். அந்தப் பதிலை அழகுபடுத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி உங்களுக்குத் தெரியும். நாகையும் கடலூரும் வேளாங்கண்ணியும் நமக்கு மறக்காது. நிலநடுக்கத்தின் மையத்துக்கு நாகையைவிட மிக அருகில் இருந்தது கிரேட் நிக்கோபார். அலை வந்து திரும்பியதோடு அங்கே முடியவில்லை. தீவே தாழ்ந்துவிட்டது. தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் 4.25 மீட்டர் இறங்கியது. 1972இல் கரையில் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. முனையில் குடியிருந்தவர்களும், ஆமைகளை ஆராய வந்து தங்கியிருந்தவர்களும் அலையோடு போனார்கள். நம் கரையில் கடல் பின்வாங்கிய பிறகு வயலில் உப்பைக் கழுவி மறுபடி உழ முடிந்தது. அங்கே கரையோரத் தோப்புகள் இருந்த இடம் நிரந்தரமாகக் கடலாகிவிட்டது. முப்பது வருடம் வெட்டித் திருத்திய நிலம். பட்டா காகிதத்தில் அதே பரப்பு எழுதியிருக்கும், காலடியில் தண்ணீர். தகரக் கொட்டகைகளில் வருடக்கணக்கில் வாழ்ந்து, பிறகு அரசு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளுக்குப் போனார்கள். நிக்கோபாரி மக்களையும் மேற்கு, தெற்குக் கரை ஊர்களிலிருந்து கொண்டுவந்து கேம்பல் பே பக்கத்தில் வைத்தார்கள். தங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நம் படைவீரனின் நிலமும் நிக்கோபாரியின் ஊரும் ஒரே நாளில் போயின. இருவருக்கும் சேர்த்துப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்தி நடத்தும் பேச்சு ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இப்போது அவசரம் ஏன் என்று சொல்கிறேன். கிரேட் நிக்கோபாரில் சரக்கு மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் என்று ஒரு பெருந்திட்டம் வருகிறது. தொடக்க மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். 166 சதுர கிலோமீட்டர் நிலம், அதில் 130 சதுர கிலோமீட்டர் காடு. தோணி ஆமை முட்டையிடும் கலத்தியா வளைகுடாவின் சரணாலய அறிவிப்பை 2021 ஜனவரியில் நீக்கினார்கள். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். அதே மாதத்தில், முன்பு தந்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக நிக்கோபாரி பழங்குடி மன்றம் எழுதியது. பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள் உள்ள தீவில் மூன்றரை லட்சம் பேர் குடியேறுவார்கள் என்பது திட்டத்தின் கணக்கு. இந்தத் திட்டத்தை நான் எதிர்க்கிறேன். அந்தக் காட்டை அழித்தால் திரும்ப உண்டாக்க முடியாது. நீங்கள் என்னோடு உடன்பட வேண்டியதில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு அது தேவை என்று உங்களில் பலர் நினைக்கலாம். செட்லர் குடும்பங்களிலேயே வேலை வரும், கப்பல் வரும், ஆஸ்பத்திரி வரும் என்று வரவேற்பவர்களும் இருக்கிறார்கள், பயப்படுபவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு விஷயம் மாறாது. விமான நிலையத்துக்குக் குறித்திருக்கும் நிலம் காந்தி நகர், சாஸ்திரி நகர் பக்கம். 1970களில் தேசத்தின் பேரால் குடிவைக்கப்பட்டவர்களின் ஊர்கள் அவை. கடல் ஒரு பகுதியை எடுத்தது. மீதியில் தேசத்தின் பேரால் இன்னொரு பகுதி கேட்கப்படுகிறது. இழப்பீடு பேசும் மேசையில் மரத்துக்கு விலை, சென்ட்டுக்கு விலை என்று போடுவார்கள். அந்த மரத்தை யார், எந்த ஆண்டு, எந்த நிலையில் நட்டார் என்று சொல்ல முதல் தலைமுறை ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அல்லது அவர் சொன்னது எழுத்தில் இருக்க வேண்டும். 1969இல் முப்பத்தைந்து வயதில் போனவர் இருந்தால் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். கடைசியாக, 1980இல் போனவரே எண்பதைத் தாண்டியிருப்பார். இன்னும் பத்து வருடம் காத்திருக்கலாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. மாவட்டந்தோறும் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. பழைய உறுப்பினர் பதிவேடுகளையும் கடிதக் கட்டுகளையும் பிரித்துப் பாருங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். 1969க்கும் 1980க்கும் இடையில் யார் யார் நிக்கோபாருக்குப் பெயர் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் இருக்கிறது, பெங்களூரில் ‘தம்பிகள்’ என்று பெயரெடுத்த சாப்பர்கள் இருக்கிறார்கள். உங்கள் பழைய யூனிட்டுக்கு ஒரு கடிதம் எழுதினால் மறுக்க மாட்டார்கள். திரும்பி வந்துவிட்ட குடும்பங்களும் இங்கேயே எங்காவது இருக்கும். தோற்றுப்போய் வந்தோம் என்ற கூச்சத்தில் அவர்கள் பேசாமல் இருந்திருக்கலாம். அவர்களுடைய கதை, தங்கியவர்களின் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு ஒரு செல்போன் போதும். வீட்டு இளையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசவைத்துப் பதிவு செய்யட்டும். வீரதீரம் கேட்காதீர்கள். முதல் இரவு எங்கே படுத்தீர்கள், முதல் அறுவடை எத்தனை மூட்டை, எந்த நோயில் யார் இறந்தார்கள், எங்கே புதைத்தீர்கள், சுனாமிக்கு முன் உங்கள் தோப்பின் நான்கு எல்லை எது என்று கேளுங்கள். ஒதுக்கீட்டு உத்தரவு, கப்பல் டிக்கெட், பழைய போட்டோ, எது கிடைத்தாலும் படமெடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஒரு பிரதி உங்கள் சங்கத்தில், ஒரு பிரதி சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தில், ஒரு பிரதி அந்தக் குடும்பத்திடம். தாழ்ந்துபோன நிலத்துக்கும் எடுக்கப்படும் நிலத்துக்கும் அவர்கள் மனு கொடுக்கும்போது அந்த மனுவின் கீழ் உங்கள் சங்கத்தின் முத்திரையும் இருக்கட்டும். பழங்குடி மக்கள் தங்கள் ஊருக்குத் திரும்பக் கேட்கும் மனுவிலும் அதே முத்திரையை வைக்க உங்களுக்கு மனம் வந்தால் வையுங்கள்; ராணுவத்தில் இருந்தவர்கள் சொல்வதற்கு டெல்லியில் இருக்கும் எடை உங்களுக்கே தெரியும்.

வரும் டிசம்பர் 7 கொடி நாள் கூட்டத்தில், மாலை போட்டு முடித்த கையோடு, இதை ஒரு தீர்மானமாக எடுத்து வையுங்கள். கூட்டத்துக்கு வந்திருக்கும் மூத்தவர்களிடம், நிக்கோபாருக்குப் போன யாரையாவது தெரியுமா என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தால், அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.